கத்திரி வெயில்ல ஃபுட்பால் கேம்ப்: சீட்டு எடுத்து சேக்கலாமா?

காட்பாடி பக்கத்துல இருந்து ஒரு அப்பா எழுதியிருக்காரு, நாலு பக்கம், கையால எழுதி போட்டோ புடிச்சு அனுப்பியிருக்காரு. பேரு, தெரு, அகாடமி பேரு எதுவும் இங்க வராது. விஷயம் இதுதான். அவரு ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில ஷிஃப்ட் வேலை. பையனுக்கு 13 வயசு, எட்டாவது பரீட்சை முடிச்சுட்டான், ரெண்டு வருஷமா ஒரு பிரைவேட் அகாடமியில ஃபுட்பால் ஆடறான், நல்லா ஆடறான்னு ஊரே சொல்லுது. இப்போ அந்த அகாடமியில ஏப்ரல் கடைசியில இருந்து மே 31 வரைக்கும் சம்மர் கேம்ப், காலையில 7ல இருந்து 9.30, சாயங்காலம் 4ல இருந்து 6, ஞாயித்துக்கிழமை கூட லீவு கிடையாது, ஃபீஸ் 6,000. "ஒரு மாசம் கேப் விட்டா ரெண்டு வருஷம் கத்துக்கிட்டது போயிடும், ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் செலக்ஷனுக்கும் இந்த கேம்ப் தான் முக்கியம்"னு கோச் சொல்லியிருக்காரு. வீட்டுக்காரம்மா வேணாங்கறாங்க, போளூர் பக்கம் பாட்டி ஊருக்கு அனுப்பலாம்னு சொல்றாங்க. பையனோ "நைனா, நான் ஊருக்கு போனா டீம்ல என் எடம் போயிடும்"னு அழுவறான். சீட்டு எடுத்து ஃபீஸ் கட்டிடலாமான்னு யோசிக்கறாரு.

நடுவுல, போற போக்குல, ரெண்டு வரி எழுதியிருக்காரு. ஒரு மாசமா பையன் மாடிப்படி எறங்கும்போது சைடா எறங்கறானாம், கேட்டா ஒண்ணுமில்லேங்கறானாம், முட்டிக்கு கீழ ஒரு எலும்பு கொஞ்சம் தூக்கிக்கினு இருக்குதாம், தொட்டா கைய தட்டி விடறானாம். புத்தூர் போய் கட்டு போட்டுக்கினு வந்துடலாமான்னு ஒரு கேள்வி. கடைசி பக்கத்துல, "10 வயசுல ஒரு பொண்ணும் இருக்கா, அண்ணன் கூடவே ஆடுவா, அவளுக்கு இதெல்லாம் வேணாம்னு விட்டுட்டோம்"னு முடிச்சிருக்காரு.

அண்ணா, உங்க லெட்டர்ல நீங்க பெருசா எழுதினது ஃபீஸ் பத்தியும் கேப் பத்தியும், ஆனா ஒரு பிசியோவா எனக்கு கண்ணுல குத்தினது அந்த மாடிப்படி தான், அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கறேன்.

முட்டி

பையன நான் நேர்ல பாக்கல, பாக்காம வியாதிக்கு பேரு வெக்கறது தப்பு. ஆனா 13 வயசு பையன், வாரம் பூரா ஓடற குதிக்கற ஆட்டம், முட்டிச் சிப்பிக்கு ரெண்டு வெரல் கீழ எலும்பு பொடைச்சு தொட்டா வலி, படி எறங்கும்போது வலின்னா, எங்க லைன்ல இருக்கற யாருக்கும் மொதல்ல ஞாபகம் வர்றது ஆஸ்குட் ஷ்லாட்டர்னு ஒண்ணு. பேரு தான் பயமா இருக்கும். பையன் திடுதிப்புன்னு வளர்ற நேரம் இது, போன வருஷ பேண்ட் இந்த வருஷம் கணுக்காலுக்கு மேல நிக்குதா பாருங்க, எலும்பு வேகமா நீளுது, தொடை தசை அந்த வேகத்துக்கு நீள மாட்டேங்குது, அந்த தசையோட நார் வந்து ஒட்டற எடம் தான் முட்டிக்கு கீழ இருக்கற அந்த மேடு, அங்க எலும்பு இன்னும் முழுசா கெட்டிப்படல. ஒவ்வொரு ஷாட்டுக்கும், ஒவ்வொரு குதிக்கும் அந்த எடத்த புடிச்சு இழுத்துக்கினே இருந்தா அது வீங்கி மேடு கட்டாம என்ன பண்ணும்.

பெரும்பாலான பசங்களுக்கு வளர்த்தி நின்னா இது தானா அடங்கிடும். ஊசி, ஆபரேஷன் எல்லாம் தேவைப்படறது ரொம்ப அபூர்வம். புத்தூர் கட்டு பத்தி கேட்டீங்களே, நம்ம பக்கம் கை கால் ஒடஞ்சா பாதி பேரு பஸ் ஏறறது அங்க தான், அது எனக்கும் தெரியும், எங்க வீட்டுலயே போயிருக்காங்க. ஆனா ஆஸ்குட் ஷ்லாட்டர்னா அது முறிவு இல்ல அண்ணா, கட்டி இறுக்கி அசையாம வெச்சா ஆறிடற சமாச்சாரமும் இல்ல, கட்டிப்போட்டா தொடை தசை தான் இன்னும் இறுகி மெலிஞ்சு போகும். எண்ணெய் போட்டு அந்த மேட்ட அழுத்தி உருவறதும் வேணாம். துணியில ஐஸ் சுத்தி ஆட்டம் முடிஞ்சதும் 15 நிமிஷம், தொடையோட முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் தெனம் நிதானமா ஸ்ட்ரெச் பண்றது, குதிக்கறத குறைக்கறது, மண்டி போடறத நிறுத்தறது, இதுல முக்கால்வாசி அடங்கும்.

ஆனா ஒரு தடவை எலும்பு டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க, கேம்ப்ல சேக்கறதுக்கு முன்னாடி, பின்னாடி இல்ல. ஏன்னா இந்த வயசுல முட்டி வலின்னு வர்ற சில பசங்களுக்கு கோளாறு முட்டியில இருக்காது, இடுப்பு மூட்டுல இருக்கும், வலி மட்டும் முட்டியில தெரியும், அத விட்டுட்டா பெரிய தொந்தரவு. டாக்டர் இடுப்பையும் திருப்பி பாத்தாரான்னு கவனிங்க, பாக்கலேன்னா கூச்சப்படாம கேளுங்க. ராத்திரி தூக்கத்துல எழுப்பற வலி, ஜுரம், முட்டி பூரா வீக்கம், நொண்டி நடக்கறது, இல்ல ஆடும்போது படக்குன்னு ஒரு சத்தம் வந்து கால நீட்டி தூக்க முடியாம போறது, இதுல எது இருந்தாலும் அன்னைக்கே போங்க.

பையன் ஒண்ணுமில்லேன்னு சொல்றத நம்பாதீங்க. எடம் போயிடும்னு பயப்படற பையன் வலிய சொல்ல மாட்டான். நான் பாத்த வரைக்கும் டீம்ல நல்லா ஆடற பசங்க தான் அதிகமா மறைக்கறாங்க, பெஞ்ச்ல உக்கார்ற பையன் மொத நாளே அம்மாகிட்ட சொல்லிடுவான்.

கேப் விட்டா எல்லாம் போயிடுமா?

உங்க கோச் சொன்னதுல பாதி உண்மை இருக்கு. சுத்தமா ஒண்ணும் பண்ணாம படுத்துக்கினு மொபைல் பாத்தா ரெண்டு வாரத்துலயே ஸ்டாமினா எறங்க ஆரம்பிக்கும், மூச்சு வாங்கும், அது நெஜம். ஆனா எறங்கின ஸ்டாமினா திரும்ப ஆரம்பிச்ச கொஞ்ச வாரத்துல ஏறிடும், 13 வயசு ஒடம்பு அது. பந்த நிறுத்தற டச், பாஸ் கொடுக்கற கண்ணு, இதெல்லாம் ஒரு மாசத்துல எங்கயும் போகாது. கிணத்துல நீச்சல் கத்துக்கினவன் அடுத்த வருஷம் வந்து முழுகியா போறான்?

இன்னொரு பக்கம் பாருங்க, கேம்ப் கணக்கு ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம், வாரத்துக்கு 31 மணி நேரத்துக்கு மேல. ஸ்போர்ட்ஸ் மெடிசின்ல ஒரு எளிய கணக்கு சொல்லுவாங்க, பையனுக்கு எத்தன வயசோ வாரத்துக்கு அத்தன மணி நேரத்துக்கு மேல ட்ரெயினிங் போகக்கூடாது, வாரத்துல ஒரு நாளாவது முழு ரெஸ்ட் வேணும். உங்க பையனுக்கு 13, கேம்ப் கேக்கறது அதுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல, அதுவும் ஏற்கனவே வலிக்கற முட்டிய வெச்சுக்கினு. குழந்தைங்க டாக்டர்ங்களே ஒரே ஆட்டத்த வருஷம் பூரா ஆட வேணாம், வருஷத்துல ரெண்டு மூணு மாசம் அந்த ஆட்டத்துக்கு லீவு விடுங்க, மொத்தமா வேணாம், ஒவ்வொரு மாசமா பிரிச்சு விடுங்கன்னு தான் சொல்றாங்க. அப்போ உங்க வீட்டுக்காரம்மா சொன்னது தான் மெடிக்கலா சரி. அவங்க ஏன் சொன்னாங்களோ தெரியல, ஆனா சரி.

ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் விஷயத்துல உங்களுக்கு தப்பா புரிய வெச்சிருக்காங்க. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தற விடுதிகளுக்கு 7, 8, 9, 11 வகுப்புல சேர்றவங்கள தேர்வு போட்டி வெச்சு எடுக்கறாங்க, ஆணையத்தோட சைட்ல அப்ளை பண்ணணும், அறிவிப்பு பேப்பர்லயும் வரும். பிரைவேட் கேம்ப் சர்டிஃபிகேட்ட பாத்து யாரையும் எடுக்கறது கிடையாது, அன்னைக்கு கிரவுண்ட்ல என்ன ஆடறானோ அது தான். தேர்வு பொதுவா மே மாசத்துல வரும், அறிவிப்ப மட்டும் விடாம பாருங்க, போளூர்ல இருந்தா என்ன, காலையில மொத பஸ் புடிச்சா வந்துடலாம், டாக்டர் சரின்னு சொன்னா ஆடட்டும். முட்டி இந்த வருஷம் விடலேன்னா, 11ஆவதுல இன்னொரு வாசல் இருக்கு.

நம்ம ஊரு வெயில்

மரமில்லா மலை, தண்ணியில்லா ஆறுன்னு நம்மள நாமே கிண்டல் பண்ணிக்கறோம், ஆனா கோடையில அது கிண்டல் இல்ல. சுத்தி மொட்டைப் பாறை, பகல் பூரா சூட்ட குடிச்சுட்டு சாயங்காலம் நம்ம மேல துப்புது. கத்திரி மே 4 வாக்குல ஆரம்பிச்சா 28 வரைக்கும், 40 டிகிரி தாண்டறது நமக்கு செய்தியே இல்ல. இதுல சாயங்காலம் 4 மணி பிராக்டீஸ்னு யார் டைம்டேபிள் போட்டாங்களோ, அவங்க அந்த நேரத்துல ஒரு நாள் வெறுங்கால்ல கிரவுண்ட்ல நின்னு பாக்கணும். உச்சி வெயிலு 12 மணிக்குன்னு நினைக்கறோம், ஆனா காத்து அதிகமா சூடேறறது மத்தியானம் 2.30, 3.30 வாக்குல, 4 மணிக்கு அதுல பெருசா எதுவும் எறங்கி இருக்காது. டர்ஃப் கிரவுண்டா இருந்தா இன்னும் மோசம், அந்த பிளாஸ்டிக் புல்லு வெயில்ல 60 டிகிரி தாண்டும். பொறங்கைய தரையில வெச்சு பாருங்க, 7 செகண்ட் வெக்க முடியலேன்னா பையன அங்க ஓட விடாதீங்க.

மே மாசம் நம்ம பக்கம் 5.45க்கெல்லாம் வெளிச்சம் வந்துடுது. 5.45ல இருந்து 7.15, மிஞ்சினா 7.30, அவ்ளோ தான் காலை ஆட்டம். சாயங்காலம்னா 6க்கு மேல. சூடு ஒடம்புக்கு பழகறதுக்கு ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம் ஆகும், அதனால மொத நாலஞ்சு நாள் பாதி நேரம், மெதுவா ஏத்தணும், மொத நாளே ஃபுல் ஸ்பீடுன்னா அங்க தான் பசங்க விழுவறாங்க.

நீங்க எழுதினதுல எனக்கு கோவம் வந்த எடம் இது தான், "நடுவுல தண்ணி குடிச்சா வயிறு புடிச்சுக்கும்னு கோச் விட மாட்டாரு, லேட்டா வந்தா தண்டனையா பத்து ரவுண்டு". இத ரெண்டையும் நீங்க ஒத்துக்காதீங்க. 15, 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ ஒரு டம்ளர், 150, 200 மில்லி, நிழல்ல நின்னு குடிக்கணும், அது சலுகை இல்ல, அவசியம். ஒரே மூச்சுல ஒரு லிட்டர குடிச்சுட்டு ஓடினா தான் வயிறு புடிக்கும். பெரிய பசங்க பிளே பண்ற உலகக் கோப்பையிலயே ஆட்டத்த நிறுத்தி தண்ணி குடிக்க விடறாங்க, இங்க 13 வயசு பையனுக்கு விட மாட்டேன்னா என்ன அர்த்தம்.

எவ்ளோ போச்சுன்னு தெரிஞ்சுக்க ஒரு வழி, பிராக்டீசுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை போடுங்க. 42 கிலோ போனவன் 41.2 வந்தான்னா 800 மில்லி வேர்வையா போயிருக்கு, அடுத்த ரெண்டு மணி நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா ஒரு லிட்டர் உள்ள போகணும். ஒரு மணி நேர ஆட்டத்துக்கு தண்ணியும் உப்பு போட்ட நீர்மோரும் போதும். இளநீர் நல்லது தான், ஆனா அதுல பொட்டாசியம் அதிகம், வேர்வையில போற சோடியம் அதுல கம்மி, அதனால இளநீர் குடிச்சா உப்பு வேணாம்னு இல்ல. ரொம்ப வேர்த்து ஊத்தற நாள்ல ஓஆர்எஸ் கொடுக்கலாம், மெடிக்கல்ல பவுடர் பாக்கெட்டா வாங்கி முழு பாக்கெட்ட அதுல போட்டிருக்கற அளவு தண்ணியில கலக்குங்க, பாதி பாதியா டம்ளர்ல போடறது தப்பு. டப்பாவுல வர்ற சக்கரைத் தண்ணிய ஓஆர்எஸ்னு நெனச்சு வாங்காதீங்க, சரியான ஃபார்முலா இல்லாத கூல்டிரிங்ஸ் மேல அந்த பேர போடக்கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவு பாதுகாப்பு ஆணையம், எஃப்எஸ்எஸ்ஏஐ, உத்தரவே போட்டாங்க.

இத மனசுல எழுதி வெச்சுக்கோங்க. ஆடிக்கினு இருக்கற பையன் ஒளற ஆரம்பிச்சா, தள்ளாடினா, சம்பந்தமில்லாம கோவப்பட்டா, மயங்கினா, அது ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம். வேர்வை நின்னா தான் ஸ்ட்ரோக்னு நிறைய பேரு நம்பறாங்க, ஓடி விழற பசங்களுக்கு சட்டை சொட்ட சொட்ட வேர்வை இருக்கும்போதே வரும். சில வருஷம் முன்னாடி ஒரு மே மாசம் ஒரு கிரவுண்ட்ல நான் பாத்தேன், பையன் விழுந்துட்டான், சுத்தி நின்ன பெரியவங்க எல்லாம் பைக்ல வெச்சு தூக்கிக்கினு போகலாம்னு அலையறாங்க, பக்கத்துலயே தண்ணி டேங்க் இருக்கு, ஒருத்தருக்கும் அது தோணல. மொதல்ல குளிர வெக்கணும், அப்புறம் தான் வண்டி. நிழல்ல படுக்க வெச்சு, தொட்டியில இறக்கினாலும் சரி, பக்கெட் பக்கெட்டா ஊத்தினாலும் சரி, ஐஸ் தண்ணி கெடச்சா இன்னும் நல்லது, ஊத்திக்கினே 108க்கு போன் பண்ணுங்க. நெனவு தப்பினவன் வாயில தண்ணி ஊத்தாதீங்க.

அப்போ என்ன பண்றது

சீட்டு எடுக்க வேணாம் அண்ணா. மொதல்ல டாக்டர். அவரு வேற ஒண்ணும் இல்லேன்னு சொன்னா, மொத ரெண்டு வாரம் பையன போளூருக்கு அனுப்புங்க, பந்தோட. கிணத்துல தண்ணி இருந்தா அது தான் அவனுக்கு கேம்ப், நீச்சல்ல முட்டி மேல எடையே எறங்காது, மூச்சு மட்டும் நல்லா ஏறும், 6,000 கட்டினாலும் இந்த ட்ரெயினிங் கெடைக்காது. நீச்சல் நல்லா தெரிஞ்ச பெரியவங்க ஒருத்தர் கிணத்து மேட்டுல இருக்கணும், மேல இருந்து டைவ் அடிக்கறது கிடையாது, இது ரெண்டுல விட்டுக்கொடுக்காதீங்க. அது போக தெனம் 20 நிமிஷம் சுவத்துல பந்து, ரெண்டு கால்லயும், இடது கால்ல அதிகம். நின்ன எடத்துல பந்த கீழ விடாம தட்டற ஜக்ளிங். பிளாங்க், ஒத்தக்கால்ல பேலன்ஸ். வலி பத்துக்கு மூணுக்கு கீழ இருந்து மறுநாள் காலையில அடங்கிடுச்சுன்னா சரி, அடங்கலேன்னா அடுத்த நாள் பாதியா குறைக்கணும்.

பாலாத்து மணல்ல ஓட விடலாமான்னு ஒரு வரி கேட்டிருந்தீங்க. மணல்ல அடி கம்மி தான், ஆனா கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் வேலை ரொம்ப ஜாஸ்தி, முட்டி அடங்கற வரைக்கும் வேணாம், அப்புறம் வேணும்னா காலையில பத்து நிமிஷம்.

சாப்பாட்டுல புரோட்டின் பவுடர் டப்பா வாங்கற யோசனைய விடுங்க. பாட்டி வீட்டுல கேழ்வரகு கூழ், களி, முட்டை, வேக வெச்ச மல்லாட்டை, தயிர், கீரை இருக்கும், வளர்ற எலும்புக்கு வேண்டிய கால்சியம் கேழ்வரகுல நல்லாவே இருக்கு. தூக்கம் 8 மணி நேரத்துக்கு மேல, காலையில 5 மணிக்கு எழுப்பணும்னா ராத்திரி 9க்கு மொபைல வாங்கிடுங்க, சண்டை வரும், வரட்டும்.

மே நடுவுல திரும்பி வந்து, முட்டி ஒத்துழைச்சா, அகாடமியில காலை ஆட்டம் மட்டும், வாரத்துக்கு நாலு நாள், பாதி ஃபீசுக்கு சேத்துக்கறீங்களான்னு கோச்ச கேளுங்க. பதமா கேளுங்க, நிறைய கோச்சுங்க ஒத்துக்குவாங்க, அவங்களுக்கும் நல்லா ஆடற பையன் வேணும். கேக்கும்போதே காலை 7 மணிய 6ஆ மாத்த முடியுமா, தண்ணி பிரேக் உண்டா, முதலுதவி தெரிஞ்சவங்க யாரு, வார்ம் அப் எத்தன நிமிஷம்னும் கேளுங்க. ஃபிஃபா 11 பிளஸ்னு ஒரு வார்ம் அப் இருக்கு, 20 நிமிஷம், செலவே இல்ல, ஒழுங்கா பண்ற டீம்ல காயம் மூணுல ஒரு பங்கு குறையுதுன்னு நிறைய ஆராய்ச்சியில வந்திருக்கு, அவருக்கு தெரியலேன்னா யூடியூப்ல காட்டுங்க.

அந்த பேப்பர் விஷயம், "எந்த அசம்பாவிதம் நடந்தாலும் அகாடமி பொறுப்பல்ல"ன்னு கையெழுத்து கேக்கறாங்கன்னு எழுதியிருந்தீங்க. நான் வக்கீல் இல்ல, ஆனா விசாரிச்சேன், கையெழுத்து போட்டுட்டதால அவங்க அலட்சியத்துக்கு அவங்க பொறுப்பு ஒண்ணும் கழுவிக்கினு போயிடாது. பணம் கட்டினா ரசீது வாங்குங்க, நடுவுல விட்டா எவ்ளோ திருப்பித் தருவாங்கன்னு எழுதி வாங்குங்க, சண்டைன்னு வந்தா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915 இருக்கு. புள்ளைங்கள அடிக்கறது, தப்பா தொடறது மாதிரி எதாவது காதுல விழுந்தா 1098, அதுல யோசனையே வேணாம்.

எடம் போயிடும்னு அழுவறானே, அவன்கிட்ட கேப் பத்தி நீங்க பேசாதீங்க, பேசினா உங்க பயமும் சேந்து அவனுக்கு போகும். முட்டியோட எக்ஸ்ரேவ காட்டி, இந்த எலும்பு இன்னும் வளந்துக்கினு இருக்குடா, இது முழுசா கெட்டிப்படற வரைக்கும் நீ தான் இத பாத்துக்கணும்னு டாக்டரையே சொல்லச் சொல்லுங்க. பசங்க நம்ம பேச்ச விட படத்த நம்புவாங்க.

கடைசியா உங்க பொண்ணு. வேணாம்னு விட்டுட்டோம்னு எழுதினீங்களே, ஏன்னு எழுதல. நம்ம தமிழ்நாடு பொண்ணுங்க டீம் 2018லயும் 2023லயும் சீனியர் நேஷனல் அடிச்சிருக்காங்க அண்ணா, மணிப்பூர், ஹரியானாவ ஃபைனல்ல ஜெயிச்சு. அவளுக்கு முட்டி வலி இல்ல, அண்ணன் அடிக்கற பந்த எல்லாம் இத்தன நாள் எதிர்ல நின்னு நிறுத்தினது அவ தான். விளையாட்டு ஆணையம் ஒவ்வொரு மாவட்டத்துலயும் ஏப்ரல் கடைசியில இருந்து மே நடு வரைக்கும் கோடைக்கால பயிற்சி முகாம் நடத்துவாங்க, 18 வயசுக்கு கீழ யாரு வேணா சேரலாம், ஃபுட்பாலும் உண்டு, பிரைவேட் கேம்ப் ஃபீஸோட பாத்தா ரொம்ப கம்மி. மாவட்ட விளையாட்டு அலுவலர் ஆபீசுல ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக்கினு போய் கேளுங்க. காலை பேட்ச்ல போடுங்க, அவன் போளூர்ல இருந்து வர்ற நேரம் அவ முகாம் முடிஞ்சிருக்கும், அப்புறம் பாட்டிகிட்ட அவ போகட்டும். பழைய பூட்ஸ் அவனுக்கு சின்னதா போயிருக்கும், அத அவளுக்குன்னு எடுத்து வெக்காதீங்க, அவ காலுக்கு அளவெடுத்து புதுசா ஒண்ணு வாங்குங்க, சீட்டு பணம் மிச்சம் தானே.